பண்டிகை வீட்டிற் பாகு பதம்

யாழ்ப்பாணத்து வீடுகள் பலவற்றிலே பழைய கொப்பி ஒன்று இருக்கும். பள்ளிக்கூடத்துக்கென்று வாங்கிய கொப்பியின் எஞ்சிய தாள்களிலே சமையற் குறிப்புகள் எழுதப்பட்டிருக்கும். எண்ணெய் பட்டு மஞ்சளித்த அத்தாள்களுள் ஒன்றிலே பால் ரொபிக்குரிய கணக்கும் காணப்படும். ரின்பால் 1, சீனி 1 இறாத்தல், தண்ணீர் கால் கோப்பை, கஜு கால் இறாத்தல், பட்டர் 1 மேசைக்கரண்டி, ஏலக்காய் 6. இவ்வளவையும் துலக்கமாக எழுதிய கை, இறுதியில் ஒரே ஒரு வரியோடு நின்றுவிடும்: "பதம் வந்ததும் இறக்கித் தட்டில் ஊற்றவும்."

பின்னொரு நாளில் அக்கொப்பியைத் திறப்பவர் மகளாக இருக்கலாம். பேத்தியாகவோ மருமகளாகவோ இருக்கலாம். எவராயினும் அந்த வரியிலேதான் தடுமாறுகின்றார். சீனியின் அளவைத் தராசு காட்டும். பாலின் அளவை ரின் காட்டும். பதத்தை எது காட்டும்? எழுதியவர் அதனை வேண்டுமென்றே மறைத்துவிட்டார் என்று எண்ணுதல் தவறு. அஃது எழுதப்பட வேண்டிய பொருள் என்று அவருக்குத் தோன்றவேயில்லை. அடுப்படியில் நின்று பார்த்த எவருக்கும் தெரிந்த ஒன்றை யார்தான் எழுதி வைப்பார்? அந்தக் கொப்பி தம் கையை விட்டு வேறோர் ஊருக்கும் வேறோர் அடுப்புக்கும் போகும் என்று அவர் நினைத்திருக்கமாட்டார்.

பதம் என்பது தமிழிலே சொல்லுக்கும் பெயர், பக்குவத்துக்கும் பெயர். சொல்லுக்குப் பெயராகிய பதம் இருந்தும், பக்குவமாகிய பதத்தைச் சொல்லில் அடக்குவது எளிதாயில்லை. அச்சிட்ட சமையல் நூல்கள் பலவும் இவ்விடத்திலே கொப்பிகளைப் போலவே கைவிட்டு விடுகின்றன.

கொண்டாட்டத்துக்கு வீட்டிலே இனிப்புச் செய்தல் இலங்கைத் தமிழர் வீடுகளிற் பொது வழக்கம். சித்திரை வருடப்பிறப்பு, தீபாவளி, நத்தார் என்று நாள் வேறுபடலாம், வழக்கம் ஒன்றே. பலகாரங்களிற் பெரும்பாலானவை எண்ணெயிற் பொரிப்பன. முறுக்கும் அரியதரமும் அத்தகையன. எண்ணெயைச் சாராது பாகையே உயிராகக் கொண்ட இனிப்புகள் வேறொரு வகை. பால் ரொபி, தேங்காய் ரொபி, எள்ளுருண்டை, கச்சான் அல்வா ஆகியவை அவ்வகையைச் சார்ந்தவை. பயற்றம் பணியாரம் இரண்டுக்கும் நடுவே நிற்பது. வறுத்த பயற்றம் மாவும் தேங்காய்ப்பூவும் மிளகும் சீரகமும் ஏலமும் பாகினாலே பிணைக்கப்பட்டு உருண்டையான பின்னர்தான் மாவிலே தோய்ந்து எண்ணெய்க்குப் போகின்றன. பாகு இளகியிருந்தால் உருண்டை எண்ணெயிலே சிதறும். முற்றியிருந்தால் அதனை உடைப்பதற்குப் பாக்குவெட்டி வேண்டியிருக்கும்.

பால் ரொபிக்கும் தேங்காய் ரொபிக்கும் ஒரு தனிச் சிறப்பு உண்டு. முட்டை சேராத இனிப்புகளாகையால் இவை சைவ வீட்டிலும் தடையின்றிச் செய்யப்பட்டன. தீபாவளிக்குச் சைவ வீட்டிலிருந்து கிறித்தவ வீட்டுக்குப் போகும் தட்டிலும், நத்தாருக்கு அங்கிருந்து திரும்பி வரும் தட்டிலும் அதே பால் ரொபி இருக்கக் காணலாம். சிங்கள வீடுகளிலும் இவ்விரண்டும் உண்டு. நோன்புப் பெருநாளுக்கு முஸ்லிம் வீடுகளிற் கிண்டும் தொதல் மலாய் மொழியிலிருந்து பெயரோடு வந்த இனிப்பு. தேங்காய்ப்பாலும் அரிசிமாவும் கருப்பட்டியும் மணிக்கணக்காகக் கிண்டப்பட்டு எண்ணெய் கக்கும்போது இறக்கப்படுவது. அங்கும் ஆட்சி செய்வது பதமே.

தாச்சியினுள்ளே நடப்பது யாது? சீனியை நீரிற் கரைத்துக் காய்ச்சும்போது நீர் ஆவியாகின்றது. சீனியின் செறிவு கூடுகின்றது. செறிவு கூடக் கூடக் கொதிநிலையும் ஏறுகின்றது. வெறும் நீர் கடல் மட்டத்திலே 100 பாகை செல்சியசிற் கொதிக்கும். பாகோ 106 முதல் 112 பாகை வரையிலே விரல்களுக்கிடையிற் கம்பியாக இழுபடும். 112 முதல் 116 வரையிற் குளிர்ந்த நீரிலே ஒரு துளி விட்டால் மெத்தென்ற உருண்டையாகத் திரளும். 118 முதல் 120 வரையில் அவ்வுருண்டை நீரைவிட்டு எடுத்த பின்னும் உருக்குலையாது நிற்கும். 149ஐத் தாண்டினால் நீரில் விழுந்த துளி கண்ணாடிபோல் முறியும். 160ஐயும் தாண்டினால் நிறம் மாறிக் கைப்பு ஏறத் தொடங்கும். கம்பிப் பதத்துக்கும் உருட்டுப் பதத்துக்கும் இடையில் உள்ளவை சில பாகைகளே. நல்ல தீயில் அஃது ஓரிரு நிமிடம். யாரோ படலையைத் தட்டினார் என்று எட்டிப் பார்க்கப் போனவர் திரும்பி வரும்போது பாகு அடுத்த பதத்துக்குப் போயிருக்கும்.

பழைய அடுப்படியில் வெப்பமானி இருந்ததில்லை. அடுப்பின் அருகே சிரட்டையிலோ கோப்பையிலோ பச்சைத் தண்ணீர் இருந்தது. அகப்பை நுனியிலிருந்து ஒரு துளி அதிலே சொட்டப்படும். விரல்கள் அதனைத் திரட்டிப் பார்க்கும். அது மட்டுமன்று, கண்ணும் மூக்கும் காதும் கூடப் பதம் பார்த்தன. தொடக்கத்திலே பெரிய பெரிய குமிழிகளாய்ப் பொங்கும் பால் ரொபி, நேரம் செல்லச் செல்லக் குமிழி சிறுத்து, தாச்சியின் கரையைவிட்டுச் சுருண்டு வரும். வெண்மை மங்கி இளம் பழுப்பு நிறம் பிடிக்கும். அந்நிறமும் மணமும் பாலின் புரதம் சீனியோடு வெப்பத்திலே கலந்து தாக்கமுறுவதால் உண்டாவன. அகப்பையால் நடுவிலே ஒரு கோடு இழுத்தால் தாச்சியின் அடி ஒரு கணம் தெரிந்து பின்னர் மெல்ல மூடும். கிண்டும் கைக்குப் பாரம் கூடும். இத்தனை அடையாளங்களையும் சேர்த்தே ஆச்சி "போதும், இறக்கு" என்று சொன்னார். அவர் அவற்றை ஒவ்வொன்றாக எண்ணிச் சொன்னவரல்லர். சேர்த்துக் கண்டவர்.

இந்தக் கண் எங்கிருந்து வந்தது? வெள்ளைச் சீனி யாழ்ப்பாணத்துக்கு மலிவாக வந்து சேர்வதற்கு முன்னரே அங்கு பாகு காய்ச்சப்பட்டது. பனையிலிருந்து கருப்பநீர் இறக்குவோர், நீர் புளித்துக் கள்ளாகாதபடி முட்டியின் உட்புறத்திலே சுண்ணாம்பு பூசினர். அக்கருப்பநீரைத் தாச்சியிலே காய்ச்சி, பாகு உருளும் பதத்திலே இறக்கி, பனையோலையால் இழைத்த குட்டான்களில் வார்த்தனர். அதுவே பனங்கட்டி. பனங்கற்கண்டு வேறு வழியிற் பெறப்படுவது. பாகை அவ்வளவு தூரம் முற்றவிடாமல் இறக்கி, அசையாத பாத்திரத்திலே பல வாரம் வைத்திருக்கப் பளிங்கு பளிங்காகப் படியும். ஒரே நீர் ஒரு பதத்திலே கட்டியாகவும் இன்னொரு பதத்திலே கற்கண்டாகவும் ஆகின்றது. இந்த வேறுபாட்டைக் கண்டறிந்த கை, சீனி வந்தபோது புதிதாக எதையும் கற்க வேண்டியிருக்கவில்லை. ரொபி என்னும் பெயர் ஆங்கிலத்திலிருந்து வந்தது. ரின்பால் கப்பலிலே வந்தது. பதம் பார்க்கும் அறிவு மட்டும் பனையடியிலிருந்தே வந்தது.

பெயர்களின் பயணத்தையும் இங்கே சற்றுக் கவனிக்கலாம். சர்க்கரை என்னும் சொல்லின் வடமொழி மூலத்துக்குப் பருமணல் என்னும் பொருள் உண்டு. அதுவே அரபு மொழி வழியாக மேற்கே சென்று ஆங்கிலத்திற் சீனிக்குப் பெயராயிற்று. துண்டு என்னும் பொருளுடைய கண்டம் என்ற சொல்லும் பாரசீகம், அரபு என்று அவ்வழியே நடந்து, ஆங்கிலேயர் இனிப்புக்கு வழங்கும் 'கண்டி' என்னும் சொல்லாயிற்று. கற்கண்டிலுள்ள கண்டு அதற்கு நெருங்கிய உறவினர். ஆகவே பிள்ளைகள் கடையிலே பிறநாட்டுப் பெயரோடு வாங்கும் மிட்டாயின் பெயர் முற்றிலும் பிறநாட்டதன்று.

பண்டிகைக்கு நான்கைந்து நாளுக்கு முன்னதாக ரொபி கிண்டும் மாலை வரும். அன்று குசினியிலே ஒவ்வொருவருக்கும் ஓர் இடம் உண்டு. அந்த இடம் வயதினால் வகுக்கப்பட்டது. மிகச் சிறிய பிள்ளைகள் வண்ணத்தாளை அளவாக வெட்டி, இரு நுனியிலும் குஞ்சம் போல நறுக்குவர். சற்று வளர்ந்தவர் ஏலக்காயை உரித்துப் பொடியாக்குவர், கஜுவைப் பிளந்து துப்புரவாக்குவர். அதற்கும் மேற்பட்டவர் திருவலையிலே தேங்காய் திருவுவர். தேங்காய் ரொபிக்குத் திருவுவதிலே ஒரு கட்டுப்பாடு உண்டு. சிரட்டையை அண்டிய பழுப்புத் தோல் ஒரு சிறிதும் விழலாகாது. விழுந்தால் வெள்ளை ரொபி புள்ளி விழுந்ததாகும், றோசா நிறம் ஊட்டிய பாதியும் மங்கும். பாதித் தேங்காயோடு நிறுத்திவிட்டு மிச்சத்தைக் கறிக்கு வைக்கச் சொல்லும் ஆச்சிமாரும் உண்டு. கிண்டும் அகப்பை பெரிய பிள்ளைகளின் கைக்கு வந்து சேர்வதற்குச் சில வருடங்கள் செல்லும். அதற்குக் காரணம் கஞ்சத்தனமன்று. கொதிக்கும் பாகு கொதிநீரைவிடச் சூடானது, பட்ட இடத்திலே ஒட்டிக்கொள்வது. நீர் வழிந்தோடிவிடும், பாகு தோலோடு தங்கிவிடும். ஆதலால் அடுப்பைச் சுற்றி ஒரு முழத்துக்குச் சிறுவர் வரக்கூடாது என்பது வீட்டுச் சட்டம்.

இந்தத் தூரத்திலே நின்றுதான் அவர்கள் கற்றனர். தாள் நறுக்கும் பிள்ளைக்கு மணம் தெரிந்துவிடும். ஏலம் இடிக்கும் பிள்ளைக்குக் குமிழியின் ஓசை மாறுவது தெரிந்துவிடும். கிண்டத் தொடங்கும் வயதிலே கைக்குப் பாரம் தெரியும். இறுதியாக வருவது தண்ணீரிலே துளியைத் திரட்டும் உரிமை. அதனை அம்மம்மா தம் மகளுக்குக்கூட எளிதில் விட்டுக்கொடுத்ததில்லை. மகள் நாற்பது வயதைக் கடந்தவராயிருப்பார், தாமும் பிள்ளைகளைப் பெற்றவராயிருப்பார். எனினும், "தள்ளு பிள்ளை, நான் பார்க்கிறேன்" என்ற சொல் கேட்கும். பாகு இறங்கும்வரை அடுப்படியை எட்டிப் பாராத ஆண்கள், தட்டு விறாந்தைக்கு வந்ததும் அதன் இறுக்கத்தைப் பற்றி அபிப்பிராயம் சொல்லத் தவறுவதில்லை. இஃதும் அவ்வழக்கத்தின் ஒரு பகுதியே போலும்.

பட்டர் பூசிய தட்டிலே ஊற்றிய பாகை வாழையிலைத் துண்டால் அமுக்கியோ போத்தலை உருட்டியோ மட்டமாக்குவர். இளஞ்சூட்டிலே கத்தியாற் கோடிட வேண்டும். ஆறிய பின்னர் வெட்டினால் தூள் பறக்கும். சூடு தணியாமல் வெட்டினால் கோடு மூடிக்கொள்ளும். சாய்சதுரமாக வெட்டும்போது ஓரங்களிலே முக்கோணத் துண்டுகள் எஞ்சும். அவை விருந்தினர் தட்டுக்குப் போகா. வீட்டுப் பிள்ளைகளுக்கே உரியன. தாச்சியை வழித்துத் தின்னும் உரிமை யாருக்கு என்பதிலே அண்ணன் தங்கை சண்டை மூளும். வருடங்கள் பல கழிந்த பின்னரும் அவர்கள் நினைவிலே நிற்பது தட்டில் அடுக்கிய ரொபியன்று, அந்தத் தாச்சியின் அடிதான்.

எல்லா வருடமும் எல்லாம் நன்றாக முடிவதில்லை. பதம் தப்புவதற்கு இரு வழி உண்டு. முந்தி இறக்கினால் ரொபி தட்டிலே மெழுகுபோற் கிடக்கும், தாளிலே ஒட்டும். இதற்குப் பரிகாரம் எளிது: திரும்பத் தாச்சியிலிட்டுச் சிறிது நீர் விட்டுக் கிண்டலாம். மற்றைய தவறு மணல் மணலாய்ப் போதல். பாகிலே கரைந்திருந்த சீனி பெரும் பளிங்குகளாகத் திரும்பி விடுவதே இதற்குக் காரணம். தாச்சியின் கரையிலே கரையாமல் ஒட்டிய ஒரு பிடி மணி உள்ளே விழுந்தாற் போதும், அதனைப் பற்றிக்கொண்டு மற்றவையும் பளிங்காகும். இதனாலேயே சில வீடுகளில் ஈரத்துணியாற் கரையைத் துடைத்துக்கொண்டே காய்ச்சினர். தெளிந்த பாகிலே சில துளி தேசிக்காய்ப் புளி விடும் வழக்கமும் உண்டு. புளியின் அமிலம் சீனியின் மூலக்கூறு சிலவற்றைக் குளுக்கோசு, பிரற்றோசு என்னும் இரண்டாகப் பிரித்துவிடுகின்றது. பிரிந்தவை இடையிலே புகுந்து மற்றவை ஒன்றோடொன்று அடுக்குவதைத் தடுக்கின்றன. ஆச்சி இப்பெயர்களை அறியார். "புளி விட்டாற் கட்டாது" என்பதே அவர் அறிந்தது. அவர் அறிந்ததிலே பிழை ஒன்றுமில்லை. பால் ரொபியிலோ பளிங்கு வேண்டும்; ஆனால் நாவுக்குத் தெரியாத அளவுக்கு நுண்ணியதாய் வேண்டும். இறக்கும் தறுவாயில் விடாது கிண்டும் கிண்டலே அந்நுண்மையைத் தருகின்றது. கை உளையும் நேரமும் அதுவே, கையை எடுக்கக் கூடாத நேரமும் அதுவே.

தீபாவளி வரும் ஐப்பசியிலே வடக்கில் மழை தொடங்கிவிடும். சீனி காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் இயல்புடையது. வெயிற் காலத்துச் சித்திரைக்கு இறக்கிய பதத்திலேயே ஐப்பசியிலும் இறக்கினால், மறுநாட் காலை ரொபி வியர்த்திருக்கும். ஆகவே மழைநாளிற் சற்று முற்றவிட்டு இறக்குவர். ஆறியதும் இறுக்கி மூடும் பிஸ்கற் ரின்னிலே அடைப்பர்.

நுவரெலியாவிலே நிலை இன்னும் வேறு. அவ்வூர் கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரத்திலே உள்ளது. காற்றமுக்கம் குறைவதால் அங்கு நீர் 94 பாகை அளவிலேயே கொதிக்கின்றது. பாகின் கொதிநிலையும் அவ்வளவு தாழ்கின்றது. யாழ்ப்பாணத்திலே 115 காட்டும் பதம் அங்கு 109 அளவிற் கிடைக்கும். வெப்பமானியை மட்டும் நம்பி 115 வரும்வரை காத்திருப்பவர் தட்டிலே கல்லைத்தான் காண்பார். பச்சைத் தண்ணீர்க் கோப்பையோ மலையிலும் கரையிலும் ஒரே விடையைத் தருகின்றது. அதற்காக வெப்பமானியை எள்ளுவது தகாது. கற்பிப்பார் அருகில் இல்லாதவருக்கு அஃது ஓர் ஊன்றுகோல். கணக்கைத் தெரிந்து பிடித்தால் உதவும்.

கற்பிப்பார் அருகில் இல்லாமை, சீனி கையில் இல்லாமை என்ற இரு இடர்களும் இவ்வீடுகளுக்கு நேர்ந்தன. சீனி முந்தியது. 1970களின் முற்பகுதியிலே இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியது. 1974இல் உலகச் சந்தையிலே சீனி விலை அதுவரை காணாத உயரத்துக்கு ஏறியது. சங்கக் கடையிலே பங்கீட்டுக்குக் கிடைத்த சீனி தேநீருக்கே காணாது. அக்காலத்திலே பிள்ளைகளின் தேநீரிலிருந்து கரண்டி கரண்டியாக மிச்சம் பிடித்துப் போத்தலிலே சேர்த்து வைத்துத்தான் வருடப்பிறப்புக்கு ஒரு தட்டு ரொபி கிண்ட முடிந்தது. பின்னர் வந்தது போர். 1990இன் பின்னர் வடக்குக்குப் பொருள் செல்வது கட்டுப்பட்டது. 2006 ஓகஸ்டில் ஏ9 பாதை மூடப்பட்டபோது யாழ்ப்பாணக் குடாநாடு மீண்டும் கப்பலையே நம்பி நின்றது. சீனி அரிதாகிய அந்நாட்களிலே பலர் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறுந்தேநீர் குடித்தனர். எள்ளுருண்டையும் பயற்றம் பணியாரமும் பனங்கட்டிப் பாகுக்குத் திரும்பின. அதனால் சுவை கெட்டது என்று சொல்வாரில்லை. ரின்பால் இல்லாத பால் ரொபியை மட்டும் எவராலும் செய்ய இயலவில்லை.

2022இன் சித்திரை வருடப்பிறப்பு வேறு வகையிற் சோதித்தது. பால்மாவும் எரிவாயுவும் தட்டுப்பட்டன. மக்கள் எரிவாயுக் கொள்கலன்களோடு வரிசையில் நின்றனர். வாயு அடுப்பிலேயே கிண்டிப் பழகிய இளையவர் பலர் அவ்வருடம் விறகடுப்பை மூட்டினர். விறகுத் தீ வாயுத் தீயைப் போலத் திருகிக் குறைக்கத்தக்கதன்று. கொள்ளியை இழுத்துத்தான் தீயைத் தணிக்க வேண்டும். இழுத்த பின்னரும் தணலின் சூடு தாச்சியை விடாது. ஆகவே பதம் வருவதற்குச் சற்று முன்னரே கொள்ளியை இழுக்க வேண்டும். எவ்வளவு முன்னர்? அதனைச் சொல்ல வீட்டிலே ஒரு கிழவி இருந்தவர்கள் பிழைத்தார்கள்.

மற்றைய இடர் சீனித் தட்டுப்பாட்டைப் போல வந்து போவதன்று. 1983இன் பின்னர் தமிழ்க் குடும்பங்கள் கனடா, பிரித்தானியா, பிரான்சு, சுவிற்சர்லாந்து, நோர்வே, ஒஸ்திரேலியா என்று பல திக்கிலும் சிதறின. மகள் ரொறன்ரோவில், மகன் இலண்டனில், தாய் ஊரில். ரின்பால் அங்கும் உண்டு. சீனி தாராளமாக உண்டு. கஜுவும் ஏலமும் தமிழ்க் கடைகளிற் கிடைக்கும். கொப்பியின் படியும் உண்டு. ஒரு முழத் தூரத்திலே நின்று தாள் நறுக்கும் அந்த இடமே இல்லை. மின்னடுப்பின் தட்டு அணைத்த பின்னரும் நெடுநேரம் சுடும். குளிர்காலத்திலே சூடாக்கிய வீட்டின் காற்று உலர்ந்து கிடக்கும்; ஐப்பசி மழைக்கென்று சொல்லி வைத்த பதம் அங்கு முற்றிய பதமாகின்றது. முதல் வருடம் மெழுகு, அடுத்த வருடம் கல். பின்னர், வேலைக்குப் போய் வருவோருக்கு இந்தத் தொல்லை எதற்கு என்ற எண்ணம் தோன்றுவது இயல்பு. கடையிலே பெட்டி பெட்டியாக இனிப்பு விற்கின்றார்கள் அல்லவா?

விற்கின்றார்கள், உண்மைதான்; அவற்றிலே சில மிக நல்லன. வாங்குவோரைக் குறை சொல்லுதல் நியாயமாகாது. இனிப்பு இல்லாமற் பண்டிகை நின்றுவிடும் என்பதும் இல்லை. நின்றுபோவது ரொபி கிண்டும் மாலைதான். பாட்டியும் பேரப்பிள்ளையும் ஒரே வேலையிலே, ஒரே அடுப்பைச் சுற்றி, ஒருவருக்கு மற்றவர் தேவைப்பட்டு நிற்கும் மாலைகள் இக்காலத்துக் குடும்பங்களிலே எத்தனை உண்டு? பூசைக்கு ஒன்றுகூடலாம், படமெடுக்க ஒன்றுகூடலாம். அங்கெல்லாம் பிள்ளை பார்ப்பவனாகவே நிற்கின்றான். இங்கே அவன் நறுக்காவிட்டால் தாள் இல்லை.

இதனைக் கண்டுகொண்ட சில வீடுகளிலே ஒரு புதிய வழக்கம் வந்திருக்கின்றது. தொலைபேசியை அடுப்புக்கு எதிரே நிறுத்தி வைக்கின்றார்கள். ரொறன்ரோவிலே மாலையாகும் பொழுது யாழ்ப்பாணத்திலே விடியற்காலை. கோயில் மணி ஒலிக்கும் வேளையில் எழுந்த தாய், கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையிலே தாச்சியைப் பார்க்கின்றார். மணம் அவருக்கு எட்டாது, பாரம் தெரியாது, நிறமும் அவ்வளவாகத் தெளியாது. எஞ்சுவது தண்ணீர்க் கோப்பை ஒன்றே. "விட்டுப் பார், மோனை. உருளுதா? எடுத்துக் கோப்பையின் கரையிலே தட்டு. சத்தம் வருதா?" சத்தம் வருகின்றதா என்பதைத் தாய் இதற்கு முன்னர் யாரிடமும் கேட்டதில்லை. அவர் காது தானாகக் கேட்டு வந்த ஒன்றை, மகள் பொருட்டு முதன்முறையாக வாய்ச் சொல்லாக்க வேண்டியிருக்கின்றது. கொப்பியிலே எழுதாது விட்டதை எழுபது வயதிலே இவ்வாறு சொல்லத் தொடங்குகின்றார்.

சொன்னதை மகள் எழுதிக்கொள்கின்றாள். "பதம் வந்ததும் இறக்கித் தட்டில் ஊற்றவும்" என்ற பழைய வரியின் கீழே, வேறு மையிலே, புதிய வரிகள் சேர்கின்றன. தண்ணீரில் விட்டால் உருள வேண்டும். எடுத்தாற் பரவக் கூடாது. கரையை விட்டுச் சுருளும்போது அடுப்பை அணைத்துவிடு, இந்த அடுப்பு பிறகும் சுடும். மழை நாளென்றால் இன்னும் கொஞ்சம். ஓரத் துண்டுகளைப் பிள்ளைகளுக்குக் கொடு.